போலீஸ் இடுப்பில் புது பாலிமர் பிஸ்டல்: மாடுலர் இருக்கட்டும், கீழே விழுந்தால் வெடிக்குமா?

பட்டுப்புடவை வாங்க காஞ்சிபுரம் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கலரும் பார்டரும்தான். விவரம் தெரிந்தவர்கள் ஜரிகையைப் பார்ப்பார்கள். ஓரத்தில் லேசாக உரசினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா, அதன் மேல் சுற்றியிருப்பது வெள்ளிதானா, முலாம் தங்கம்தானா? சந்தேகம் வந்தால் மெஷினில் வைத்து வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 'என் மேல நம்பிக்கை இல்லையா?' என்று நல்ல கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டெஸ்ட் என்பது இந்த ஊர் வியாபாரத்தில் ஒரு பகுதி.

சரி, துப்பாக்கிப் பேச்சில் புடவைக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. கோயில் திருவிழாவில் நம் தோளை உரசிக்கொண்டு நிற்கும் சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பில் இருப்பது நம் வரிப்பணத்தில் வாங்கிய பொருள். அது கீழே விழுந்தால் வெடிக்குமா, வெடிக்காதா என்று டெஸ்ட் செய்த ரிப்போர்ட்டை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா?

உலகம் முழுக்க 'மாடுலர் பாலிமர் பிஸ்டல்' என்ற வகை வேகமாகப் பரவுகிறது. அமெரிக்காவில் 2023-ல் ஸ்பிரிங்ஃபீல்டு எக்கலான் வந்தது. 2024 டிசம்பரில் ரூகர் ஆர்.எக்ஸ்.எம். வந்தது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் மலான்பூரில், அதானி குழுமத்தின் பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ், இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் தொழிற்சாலையின் பட்டியலில் மசாடா பிஸ்டல் இருக்கிறது. யூடியூப் முழுக்க இவற்றுக்கான ரிவியூக்கள்தான். எது ஸ்டைல், எது ஸ்மூத், எதில் டார்ச் மாட்டலாம் என்று பேச்சு. நம்மைப் போன்ற பொதுமக்களுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். நமக்கு முக்கியமானது என்ன என்று பார்க்கலாம்.

மாடுலர், பாலிமர்: அப்படின்னா என்ன?

பாலிமர் என்றால் பிஸ்டலின் கைப்பிடியும் சட்டகமும் உறுதியான பிளாஸ்டிக் வகைப் பொருளில் செய்தது. மேலே நகரும் ஸ்லைடு, உள்ளே குழல் இரண்டும் இரும்புதான். 'பிளாஸ்டிக் துப்பாக்கி, மெட்டல் டிடெக்டரில் மாட்டாது' என்று ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றுகிறது. ஹாலிவுட் படங்கள் கிளப்பிவிட்ட கதை அது. கோயில் வாசலில் நிற்கும் டிடெக்டரே இதைக் கண்டுபிடித்துவிடும்.

பாலிமர் பிஸ்டல் புதிதும் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970-லேயே ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது, 1982-ல் ஆஸ்திரியா ராணுவம் குளோக் 17-ஐ எடுத்துக்கொண்ட பிறகுதான். அதை உருவாக்கிய காஸ்டன் குளோக் அதற்கு முன் துப்பாக்கி செய்தவரே இல்லை. திரைச்சீலை கம்பி, கத்தி செய்துகொண்டிருந்தவர்.

எடை வித்தியாசம் பெரிது. இந்தியாவில் போலீஸும் ராணுவமும் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் 9 எம்.எம். 1ஏ பிஸ்டல் முழு இரும்பு. கிட்டத்தட்ட 900 கிராம். குளோக் 17 காலி நிலையில் 600 சொச்சம் கிராம். மசாடா 650 கிராம் அளவில். பழையதில் 13 தோட்டா, புதியவற்றில் 17. நாள் முழுக்க பந்தோபஸ்தில் நிற்கிறவருக்கு கால் கிலோ குறைவது பெரிய விஷயம்.

மாடுலர் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஜக்கார்டு தறியில் அட்டையை மாற்றினால் டிசைன் மாறும். தறி அதே தறி. மாடுலர் பிஸ்டலும் கிட்டத்தட்ட அப்படித்தான். டிரிகரும் அதோடு சேர்ந்த உள் பாகங்களும் ஒரே சின்ன உலோகப் பெட்டி மாதிரி தனியாக வந்துவிடும். சீரியல் நம்பர் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். கைப்பிடி சிறியது வேண்டுமா, பெரியது வேண்டுமா, குழல் நீளமா, குட்டையா, சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் உண்மையான பயன் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-லேயே தொடங்கின. இன்று எல்லா நிலையங்களிலும் பெண் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் கையில் கொடுக்கும் பிஸ்டலின் பிடி மட்டும் பெரிய கைக்காக அளவெடுத்தது. விரல் டிரிகருக்குச் சரியாக எட்டாதவர் குறி பார்த்துச் சுடுவது கஷ்டம். பிடியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தால் அந்தப் பிரச்சினை தீரும். ஆகவே மாடுலரை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க முடியாது.

போட்டியில் யார் யார்?

ஒவ்வொன்றையும் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

9 எம்.எம். 1ஏ: இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் தயாராவது. 1935-ல் வந்த பிரவுனிங் ஹை-பவரின் வழிவந்தது. உழைத்த பிஸ்டல், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்றைய பிஸ்டல்களில் டிரிகரை இழுக்காதவரை ஊசியைத் தடுத்து நிறுத்தும் 'ஃபயரிங் பின் பிளாக்' இருக்கும். அந்த மூல டிசைனில் அது கிடையாது. பழசு என்பதாலேயே பத்திரம் என்று சொல்ல முடியாது.

குளோக் 17: முழு மாடுலர் இல்லை. பிடியின் பின்பக்கத் தகட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் 40 வருடத்துக்கு மேல் உலகெங்கும் போலீஸ் பயன்படுத்திப் பார்த்துவிட்ட டிசைன். எங்கே தகராறு செய்யும், எங்கே செய்யாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அனுபவமே அதன் பெரிய பலம்.

ரூகர் ஆர்.எக்ஸ்.எம்.: புத்திசாலித்தனமான யோசனை. குளோக்கின் மூன்றாம் தலைமுறை பாகங்களோடு ஒத்துப்போகிற மாதிரி செய்து, உள்ளே மாடுலர் பெட்டியை வைத்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்கத் தனிநபர் சந்தையை மனதில் வைத்து வந்தது. நமக்கு நேரடிப் பொருத்தம் குறைவு.

மசாடா: உள்ளூர்த் தயாரிப்பு என்பது பிளஸ். டிரிகரில் சின்ன நாக்கு மாதிரி ஒரு தனி சேஃப்டி உண்டு. விரல் அதை நேராக அழுத்தினால்தான் டிரிகர் நகரும். தமிழ்நாட்டிலும் ஓசூர், சேலம், கோவை, திருச்சி, சென்னை என்று 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களில் இருந்து இயங்குகிறது. இங்கேயே செய்தால் உதிரிபாகம் சீக்கிரம் கிடைக்கும். அதற்காக 'மேட் இன் இந்தியா' முத்திரையே பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது.

சிக் சாவர் பி320: 2014-ல் வந்தது. இந்த வகையையே பிரபலமாக்கியது இதுதான். நமக்குப் பாடம் இருப்பதும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பி320 கதை

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் புதிய பிஸ்டலாக பி320-ஐத் தேர்ந்தெடுத்தது. எம்17, எம்18 என்று பெயர் வைத்தார்கள். ஒப்பந்த மதிப்பு 58 கோடி டாலர் வரை. போட்டியில் தோற்ற குளோக், தேர்வு முறை சரியில்லை என்று முறையிட்டது. அந்த முறையீட்டை அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு விவரம் வெளியே வந்தது: சிக் கேட்ட விலை, குளோக் கேட்டதைவிட சுமார் 10 கோடி டாலர் குறைவு. நம்ம ஊர் டெண்டர் பாஷையில் சொன்னால், எல்-1.

இரண்டே மாதம். 2017 ஆகஸ்டில், பி320-ஐ ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே போட்டால் தானாகவே வெடிக்கிறது என்று அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் சோதித்து வீடியோ போட்டார்கள். டல்லாஸ் போலீஸ் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. காரணம் எளிமையான பௌதிகம். அந்த டிரிகர் கொஞ்சம் கனமானது. பிஸ்டல் பின்பக்கமாகத் தரையில் மோதி சட்டென்று நிற்கும்போது, டிரிகர் மட்டும் தன் எடையின் வேகத்திலேயே பின்னால் போய்விட்டது. விரல் இழுத்தால் என்ன நடக்குமோ, அதேதான். பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வார்கள் இல்லையா, அந்தக் கணக்கு.

சிக் நிறுவனம், டிரிகரையும் சில பாகங்களையும் எடை குறைத்து இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. கூடவே, எங்கள் பிஸ்டல் அமெரிக்காவின் தொழில்துறைத் தர சோதனைகளில் எல்லாம் தேறியதுதான் என்றும் சொன்னது. அதுவும் பொய் இல்லை! அந்தச் சோதனைகளில் பிஸ்டலைப் போட்டுப் பார்த்த கோணங்களில் அது வெடிக்கவில்லை. யாரும் போட்டுப் பார்க்காத கோணத்தில் வெடித்தது. ஆக 'டெஸ்ட் பாஸ்' என்ற ஒற்றை வரி போதாது. எப்படி டெஸ்ட் செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு, கீழேயே விழாமல் உறையில் இருக்கும்போதே வெடித்ததாக அமெரிக்காவில் நிறைய வழக்குகள் வந்தன. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 23.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு ஜூரி 1.1 கோடி டாலர் என்றது. வேறு பல வழக்குகள் தள்ளுபடியும் ஆகியிருக்கின்றன. டிரிகரை இழுக்காமல் எங்கள் பிஸ்டல் வெடிக்காது என்பதில் நிறுவனம் உறுதியாக நிற்கிறது. 2025-ல் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐ.சி.இ. தன் ஆட்கள் இதைப் பயன்படுத்தத் தடை போட்டது.

உண்மையில் யார் தப்பு?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஒரு அமெரிக்க விமானப்படைத் தளத்தில் ஓர் இளம் வீரர் எம்18 பிஸ்டல் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கி தானாக வெடித்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், அந்தப் பிரிவு முழுக்க எம்18 பயன்பாடு நிறுத்தப்பட்டது. இணையம் முழுக்க ஒரே பேச்சு: 'பார்த்தியா, மறுபடியும் வெடிச்சிடுச்சு!'

சில வாரங்களில் சக வீரர் ஒருவர் கைதானார். நடந்ததை மறைத்துப் பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாக விசாரணை போனது. துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். ஏற்கெனவே சந்தேகத்தில் சிக்கிய ஒரு பிஸ்டல், மனிதர் செய்த தப்புக்கு எவ்வளவு வசதியான மறைவிடம் ஆகிவிடுகிறது! 'தானா வெடிச்சிடுச்சு' என்று சொன்னால் ஊர் நம்பத் தயாராக இருக்கிறது. எதிர்ப்பக்கமும் யோசியுங்கள். உண்மையிலேயே இயந்திரக் கோளாறில் வெடித்திருந்தால், எந்தத் தப்பும் செய்யாத ஒரு காவலர் கொலைப் பழியைச் சுமக்க வேண்டியிருக்கும்.

இது அமெரிக்கப் பிரச்சினை மட்டுமா? இல்லை.

2023 டிசம்பர் 8. உத்தரப் பிரதேசத்தின் அலிகர். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்காக மகனோடு காவல் நிலையம் போன ஒரு பெண், அங்கே நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தன் கைக்கு வந்த பிஸ்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெடித்தது. தலையில் குண்டு பாய்ந்த அந்தப் பெண் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். எல்லாம் நிலையத்தின் கேமராவிலேயே பதிவானது. அந்த வீடியோ இல்லாமல் இருந்திருந்தால், அது கைப்பிழையா, கருவிப்பிழையா, வேறு எதுவுமா என்று எப்படித் தெரிந்திருக்கும்?

2024 அக்டோபர் 1. மும்பையில் நடிகர் கோவிந்தா அதிகாலையில் கிளம்பும் அவசரத்தில், தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை நழுவி விழுந்து வெடித்து, காலில் குண்டு பாய்ந்ததாகச் சொன்னார். நல்லவேளை, உயிர் பிழைத்தார். துப்பாக்கி கீழே விழுவதும் வெடிப்பதும் எங்கோ சோதனைக்கூடத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019-ல் அத்தி வரதர் தரிசனம், 48 நாள், ஒரு கோடி பேர் அளவுக்கு வந்துபோனார்கள். சன்னிதித் தெருவில் மூச்சுவிட இடமில்லாமல் நின்றவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். நெரிசலில் பக்தர்கள் உயிரிழந்த நாளும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய அதிகாரிகள் பலரின் இடுப்பில் பிஸ்டல். வருடா வருடம் கருட சேவைக்கும் இதே கதைதான். தள்ளுமுள்ளில் உறை அவிழ்ந்து ஒரு பிஸ்டல் கருங்கல் தரையில் விழுந்தால்? அந்த ஒரு நொடியில் என்ன நடக்கும் என்பதை அந்த பிஸ்டலின் பிராண்டு தீர்மானிக்காது, எத்தனை கலரில் பிடி கிடைக்கிறது என்பதும் தீர்மானிக்காது. உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தடுப்பு தீர்மானிக்கும்.

அமெரிக்காவில் தெரிந்தது, இங்கே ஏன் தெரியவில்லை?

பி320 விவகாரத்தில் அமெரிக்க ராணுவம் சொதப்பியது என்று சொல்வது சுலபம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த பிஸ்டலின் ராணுவ வடிவமும் கீழே போடும் சோதனையில் வெடித்தது, பிறகு டிரிகர் பாகங்களை மாற்றினார்கள் என்ற தகவல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு வெளியிட்ட 2017-ம் ஆண்டுக்கான அறிக்கையிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விலை வித்தியாசமும் தணிக்கை அமைப்பின் தீர்ப்பில் இருக்கிறது. அதனால்தான் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதை உங்களுக்கு எழுத முடிகிறது.

இங்கே? மத்தியப் படைகளுக்கு ஒரு பிஸ்டல் எப்படி இருக்க வேண்டும் என்ற தகுதி வரையறைகள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் வாங்கிய பிஸ்டல் அந்தச் சோதனையில் எப்படி நடந்துகொண்டது, எத்தனை முறை போட்டுப் பார்த்தார்கள், எந்தக் கோணத்தில், தரை கான்கிரீட்டா, ரப்பர் பாயா? பொதுமக்கள் எடுத்துப் படிக்கிற மாதிரி இது வருவதில்லை. கேள்விப் பேப்பர் கையில் இருக்கிறது, விடைத்தாள் இல்லை.

'பாதுகாப்பு ரகசியம், இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?' என்று ஒரு பதில் வரும். கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எந்த நிலையத்தில் எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பது ரகசியமாக இருக்க வேண்டும், சரி. ஆனால் ஒரு பிஸ்டலைத் தரையில் போட்டால் வெடிக்குமா என்பது எந்த ரவுடிக்கு உதவப் போகிறது? காருக்கு மோதல் சோதனை செய்து ஸ்டார் ரேட்டிங் போடுகிறோம். கேஸ் சிலிண்டருக்குச் சோதனை தேதி அடிக்கிறோம். கூட்டத்துக்குள் கொண்டுவரும் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கூடாது?

இன்னொரு வாதம்: 'நம்ம ஊர் போலீஸ் சுடுவதே அபூர்வம். இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?' உண்மைதான், பெரும்பாலான அதிகாரிகள் பணியில் ஒருமுறைகூட ஆளை நோக்கிச் சுடாமலே ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் பிஸ்டலைச் சுமப்பது தினசரி வேலை. உறையில் போடுவது, எடுப்பது, ஆயுத அறையில் ஒப்படைப்பது, மறுநாள் வாங்குவது. அலிகரில் நடந்தது என்கவுன்ட்டரா? இல்லை, ஒரு சாதாரண நாள்.

மாடுலர் கொண்டுவரும் புதுச் சிக்கல்

யூடியூப் ரிவியூக்களில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: சாட்சியம்.

போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நடந்தால், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் தங்கள் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 2014-ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. அந்த ஆய்வு எப்படி நடக்கும்? குழலின் உள்பள்ளங்கள் தோட்டாவில் கீறல் போடும். ஊசி, தோட்டாவின் அடிப்பகுதியில் ஒரு தழும்பு விடும். இரண்டையும் ஒப்பிட்டு, இந்த பிஸ்டலில் இருந்துதான் குண்டு போனது என்று சொல்வார்கள்.

மாடுலர் பிஸ்டலில் குழலும் ஸ்லைடும் கழற்றி மாற்றிக்கொள்ளும் பாகங்கள். பழைய பிஸ்டலிலும் குழலை மாற்றலாம்தான். ஆனால் அது ரிப்பேர் வேலை. இங்கே மாற்றுவதே வசதி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆயுத அறையில் ஒரு நாள் இந்தக் குழல் அந்த பிஸ்டலுக்குப் போனால், பதிவேட்டில் உள்ள சீரியல் நம்பர் ஒன்று சொல்லும், தோட்டாவின் கீறல் வேறு சொல்லும். அதனால் உள்பெட்டி, குழல், ஸ்லைடு மூன்றுக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி பதிவு வேண்டும். எந்தத் தேதியில், யார் கையெழுத்தில், எது மாறியது என்று எழுதிவைக்க வேண்டும். நம் ஆயுதச் சட்டம் 1959-ம், 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. நாம் அதைப் பதிவேட்டில் கொண்டுவந்தால் போதும்.

நாம வாங்கலாமா?

இந்தக் கட்டுரையைப் பார்த்து யாராவது கூகுளில் விலை தேடப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். 9 எம்.எம். பிஸ்டல் இந்தியாவில் தனிநபருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வாங்கக்கூடியது .32 போன்ற ரகங்கள்தான். கான்பூரில் 2014-ல் வந்த 'நிர்பீக்', 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வர்கள் அந்த வகை. லைசென்ஸும் கேட்டவுடன் கிடைக்காது. ஏன் வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுப்பாடு சரியானது என்பதே என் கருத்து. அதே கண்டிப்பு அரசு வாங்கும் துப்பாக்கிக்கும் இருக்க வேண்டும் என்கிறேன்.

என்ன செய்யலாம்?

புது பிஸ்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1935 டிசைனை 2030 வரை இழுத்துக்கொண்டு போவது காவலருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. எந்தக் கம்பெனி என்பதும் என் கவலை இல்லை. எந்த மாநிலம் எந்த மாடுலர் பிஸ்டலை வாங்கினாலும், மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்.

ஒன்று, கீழே போடும் சோதனையின் முழு முடிவு வெளியே வர வேண்டும். எத்தனை பிஸ்டல், எத்தனை கோணம், எந்த உயரம், எந்தத் தரை. உற்பத்தியாளர் கொடுக்கும் சான்றிதழ் மட்டும் போதாது. வாங்குகிற அரசே தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். டெண்டரில் விலையைப் பிரிப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு, பிஸ்டலோடு பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பழைய 9 எம்.எம்.-இல் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி உண்டு. குளோக், மசாடா போன்றவற்றில் பெரும்பாலும் அது கிடையாது. டிரிகரில் இருந்து விரலை விலக்கி வைப்பதுதான் முதல் சேஃப்டி. 20 வருடப் பழக்கத்தை ஒரு நாள் வகுப்பில் மாற்ற முடியாது. பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒத்திவாக்கம் சுடுதளம் இருக்கிறது. புது பிஸ்டல் வாங்கும் ஒவ்வொரு அதிகாரியும் அங்கே போய்ப் போதுமான தோட்டாக்கள் சுட்டுப் பழகிய பிறகுதான் திருவிழாக் கூட்டத்துக்குள் வர வேண்டும். பயிற்சித் தளமே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே சுடுதளத்தில் இருந்து வந்த குண்டு பாய்ந்து 11 வயதுச் சிறுவன் சில நாட்களில் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

மூன்று, 'தவறுதலாக வெடித்தது' என்று பதிவாகும் ஒவ்வொரு சம்பவத்துக்கும், யாருக்கும் அடிபடாவிட்டாலும், அந்த பிஸ்டலைத் தனியாக எடுத்துத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை வெளியிட வேண்டும். ஒரே மாடலில் மூன்று நான்கு வந்தால், அது கையின் தப்பு இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். எந்த மாடலிலும் வராமல், ஒரு நிலையத்தில் மட்டும் வந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இதில் எதுவும் போலீஸுக்கு எதிரானது இல்லை. சோதனை முடிவு வெளியே இருந்தால் முதல் பயன் அவர்களுக்குத்தான். இயந்திரம் செய்த தப்புக்கு ஒரு கான்ஸ்டபிள் வேலையை இழக்க வேண்டாம். மனிதர் செய்த தப்பை இயந்திரத்தின் மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

அடுத்த முறை ஒரு மாநில போலீஸுக்கு நவீன பிஸ்டல் வழங்கும் விழா என்று செய்தி வரும். மேடையில் வரிசையாக அடுக்கிவைத்து போட்டோ எடுப்பார்கள். எங்கள் டெஸ்க்கிலும் அதை கேலரியாகப் போடுவோம். அந்தச் செய்தியில் விலை இருக்கும், எண்ணிக்கை இருக்கும், எந்த நாட்டுத் தொழில்நுட்பம் என்பது இருக்கும். டிராப் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கமென்ட்டில் நீங்கள் கேளுங்கள். பிரஸ் மீட்டில் நாங்கள் கேட்கிறோம்.